சிபு மண்ணில் ஊன்றிய விசுவாசம்

பால்மரக் காட்டில் உழைத்த குடும்பங்களில் பிறந்த நமக்கு மழைக்காலத்தின் கொடுமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் நனைந்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. இத்தகைய காலத்தில் மனம் தளராமல் நிற்பது எப்படி? நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. அதைக் காண, சரவாக்கில் ரெஜாங் ஆற்றங்கரையிலுள்ள சிபு நகருக்குச் செல்வோம்.

1900ஆம் ஆண்டில் சரவாக்கை ஆண்டவர் ராஜா சார்லஸ் புரூக். தம் நாட்டில் நெல் விளைவிக்க ஆட்களைத் தேடினார். சீனாவின் பூச்சோவ் பகுதியைச் சேர்ந்த வோங் நாய் சியோங் என்னும் மெதடிஸ்ட் கிறிஸ்தவர், அவரோடு ஒப்பந்தம் செய்து, வறுமையில் வாடிய தம் ஊர் விவசாயிகளைத் திரட்டினார். 1901, 1902ஆம் ஆண்டுகளில் மூன்று கூட்டங்களாக 1,118 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அரசு தந்த முன்பணமோ, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். நம் முன்னோரும் இப்படிக் கடன் சுமையோடுதானே கப்பலேறினர்!

வந்தவர்கள் காட்டை வெட்டி நெல் விதைத்தனர். ஆனால் அது, இலைதழைகள் மக்கி ஊறிய சதுப்பு மண். ஊரில் கற்ற உழவு இங்கே பலிக்கவில்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பலரைக் கொண்டுபோயின. சிலர் வேறிடம் தேடிப் போயினர். கடன் தொல்லையால் நொந்த வோங், 1904இல் சீனாவுக்கே திரும்பினார்.

தலைவர் போனபின் குடியேற்றம் கலைந்திருக்கலாம், கலையவில்லை. 1903இல் வந்திருந்த அமெரிக்கப் போதகர் ஜேம்ஸ் ஹூவர் பொறுப்பேற்றார். ஜெபம் செய்வதோடு அவர் நிற்கவில்லை. ரப்பர் கன்றுகளை வரவழைத்தார். நெல் அரைக்கும் ஆலை அமைத்தார். குடியிருப்புகளில் ஆலயங்களும் பள்ளிகளும் எழச் செய்தார்.

ரப்பர் கன்று நட்டவுடன் பால் தருமா? ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். அதுவரை களை பிடுங்க வேண்டும். காய்கறி பயிரிட்டு வயிற்றைக் கழுவ வேண்டும். நெல் பொய்த்த நிலத்தில், பலன் காணாத அத்தனை ஆண்டுகளும் அவர்கள் கன்றுகளைக் காத்தனர். விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும் இல்லை. திங்கட்கிழமை பிடிக்கும் மண்வெட்டியிலும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. சிபு வளர்ந்தது. விலை பின்னர் பலமுறை சரிந்தபோதும், அந்த மக்கள் நிலத்தைக் கைவிட்டு ஓடவில்லை.

ஒன்றை மறைக்கலாகாது. அவர்களுக்கு உழ நிலம் கிடைத்தது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, பொறுமை ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. பொறுமையோடு நிலமும், பள்ளியும், கூட்டாக நிற்கும் சபையும் சேர்ந்தபோதே அவர்கள் தலைநிமிர்ந்தனர்.

ஹூவர் 1935இல் மலேரியாவால் இறந்தார். முதலில் வந்தவர்களைப் பலிகொண்ட அதே நோய்! தோற்றுத் திரும்பிய வோங்கின் பெயரை இன்று சிபுவில் ஒரு பள்ளி தாங்கி நிற்கிறது. விதைத்தவர் அறுக்காமல் போகலாம், விதை வீணாவதில்லை. நம் பிள்ளைகளின் படிப்புக்காக நாம் இன்று படும் பாடும் அத்தகைய விதையே.