இரவல் உடல்கள்: சீனச் சமகாலக் கலையில் இனச் சிறுபான்மையினரும் இடம்பெயர் தொழிலாளரும்

1979 செப்டம்பரில் பெய்ஜிங் விமான நிலையத்தின் புதிய முனையத்தில் சில சுவரோவியங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. உணவுக்கூடச் சுவரில் யுவான் யுன்ஷெங் தீட்டியிருந்த ‘நீர்த் திருவிழா: வாழ்வின் புகழ்ப்பாடல்’ அவற்றுள் ஒன்று, நீளம் சுமார் 27 மீட்டர். யுன்னான் மாகாணத்தின் ஷிஷுவாங்பன்னாவில் வாழும் டாய் இனத்தவரின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தை அது காட்டியது. அதன் ஒரு பகுதியில் ஆடையின்றிக் குளிக்கும் பெண்கள் இருந்தார்கள். ஓவியத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் பார்த்து ஒப்புதல் தெரிவித்த பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. நிர்வாண உருவங்கள் முதலில் திரையாலும் பின்னர் பலகையாலும் மறைக்கப்பட்டன. 1990இல்தான் மீண்டும் வெளிப்பட்டன. ஹாங்காங் தொழிலதிபர் ஹென்றி ஃபோக், பெய்ஜிங்குக்கு வரும்போதெல்லாம் அந்த ஓவியம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னது பலமுறை எடுத்தாளப்பட்ட செய்தி. நாட்டின் கதவு திறந்திருக்கிறதா என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அது.

கலை வரலாற்றில் இது படைப்புச் சுதந்திரத்தின் கதையாகவே பதிவாகியிருக்கிறது. யாருடைய சுதந்திரம் என்ற கேள்வி அதில் அடிபட்டுப் போகிறது. யுவான் பெரும்பான்மை ஹான் இனத்தவர். ஐம்பதுகளின் இறுதியில் ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர். இருபது ஆண்டு இறுக்கத்துக்குப் பின் அவர் தேடிய விடுதலைக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. அந்த உருவத்தை அவர் டாய் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். தலைநகரின் பொதுச்சுவரில் ஹான் பெண்களை அப்படித் தீட்டுவது 1979இல் எண்ணிப் பார்க்கவே முடியாதது. சிறுபான்மையினரை மென்மையும் காமமும் கலந்த உருவங்களாகச் சித்திரிப்பதன் வழியே ஹான் பெரும்பான்மை தன்னை நாகரிகத்தின் நடுப்புள்ளியாகக் கட்டமைத்துக்கொள்கிறது என்று மானிடவியலாளர் ட்ரூ கிளாட்னி 1994இல் வாதிட்டார். அதற்கு இந்த ஓவியத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டார். ஓவியம் டாய் மக்களை இழிவுபடுத்துகிறது என்ற குற்றச்சாட்டும் சுவரோவியம் திறக்கப்பட்ட காலத்தில் எழுந்திருந்தது. மறைக்க விரும்பியவர்களுக்கும் திறக்க விரும்பியவர்களுக்கும் டாய் மக்களின் பெயர் பயன்பட்டது. சுவரில் எது இருக்கலாம், எது கூடாது என்ற முடிவு மட்டும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் எடுக்கப்பட்டது.

இந்த இரவல் முறை அத்துடன் முடிந்துவிடவில்லை, ஆள் மட்டும் மாறினார் என்பது என் வாதம். தொண்ணூறுகளிலிருந்து டாய் பெண்ணின் இடத்துக்குக் கிராமத்திலிருந்து நகருக்கு வந்த கூலித் தொழிலாளர் வந்து சேர்கிறார். 1958இல் சட்டமான ஹுகோ என்னும் குடிப்பதிவு முறை, பதிவான ஊரோடு ஒருவரின் உரிமைகளைக் கட்டிவைத்தது. அதனால் நகரைக் கட்டுகிறவர் நகரவாசி ஆகாமலேயே அங்கு வாழ நேர்ந்தது. 1997இல் ஜாங் ஹுவான் பெய்ஜிங்கின் ஒரு மீன்குளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இத்தகைய தொழிலாளர்களை இறக்கி நிற்கவைத்தார். ‘மீன்குளத்தின் நீர்மட்டத்தை உயர்த்துதல்’ என்பதே படைப்பின் பெயர். சட்டையில்லாத ஆண்கள் மார்பளவு நீரில் நிற்கும் புகைப்படம் உலகம் சுற்றியது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உடல்கள் அங்கே கன அளவாகத்தான் வேலை செய்கின்றன. 2003இல் தொடங்கி ஜாங் தாலி நூறு தொழிலாளர்களின் உடல்களை அச்செடுத்துப் பிசின் வார்ப்புகளாக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டார். அவரது இரக்கம் உண்மையானது. அவர்களின் கையறு நிலையைக் காட்ட அவர்களையே கையறு நிலையில் தொங்கவிட வேண்டுமா என்ற ஐயம் அதனால் தீர்ந்துவிடாது.

வாங் வெய்யின் ‘தற்காலிக வெளி’ இதே 2003இல், பெய்ஜிங்கின் 798 கலைப் பகுதியில் நிகழ்ந்தது. இடிக்கப்பட்ட வீடுகளின் செங்கற்களைப் பொறுக்கி, சாந்தைச் சுரண்டி, கழுதை வண்டியில் ஏற்றி விற்பவர்களிடம் அவர் சுமார் இருபதாயிரம் செங்கற்களை விலைக்கு வாங்கினார். பத்துத் தொழிலாளர்களைக் கூலிக்கு அமர்த்தினார். அவர்கள் காட்சிக்கூடத்துக்கு உள்ளேயே ஏறக்குறைய நூறு சதுர மீட்டர் பரப்பை வளைத்து நான்கு மீட்டர் உயரச் சுவர் எழுப்பினார்கள். அதற்கு வாசல் கிடையாது. பார்வையாளருக்கு மிஞ்சியது சுவரைச் சுற்றிய ஒடுக்கமான நடைவழி மட்டும். பிறகு அதே தொழிலாளர்கள் அதை இடித்தார்கள். செங்கல் விற்றவர்களிடமே திரும்பப் போனது.

இங்கும் உடலுழைப்பு இரவல்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் இங்கே இரவலின் விதிமுறைகள் மறைக்கப்படவில்லை. செங்கல்லுக்கு விலை, உழைப்புக்குக் கூலி, கட்டியது இடிபடும் என்ற நிச்சயம்: பெய்ஜிங்கின் எந்தக் கட்டுமானத் தளத்திலும் நடப்பது எதுவோ அதுவே கலைக்கூடத்திலும் நடந்தது. தொழிலாளர் எதற்கும் குறியீடாக நிற்கவில்லை. தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். ஒதுங்கி நிற்க நேர்ந்தவர் பார்வையாளர். காலமும் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சில், குவாங்சோவில், வசிப்பிட அனுமதி அட்டை கையில் இல்லாததால் பிடிக்கப்பட்ட ஓர் இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். பெரும் கொந்தளிப்புக்குப் பின் ஜூனில், வெளியூர்க்காரரைப் பிடித்துத் திருப்பியனுப்பும் முறையை அரசு ரத்து செய்தது. இறந்தவர் கலை வடிவமைப்பு படித்த பட்டதாரி. அனுமதியின் அரசியல் கூலித் தொழிலாளரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உருவப்படுத்தப்படுபவரே உருவத்தைக் கையாளும்போது என்ன நிகழ்கிறது? திபெத்தின் லாசாவில் 1961இல் பிறந்த கோங்கர் கியாட்சோ, பெய்ஜிங்கில் சீனத் தூரிகை ஓவியம் பயின்றவர். பிறகு தரம்சாலாவில் திபெத்திய பௌத்தத் தங்கா ஓவிய மரபைக் கற்று லண்டனுக்குக் குடியேறினார். அவரைச் சீனக் கலைஞர் என்று வகைப்படுத்துவதே சர்ச்சைக்குரியது. ஆயினும் இந்த விவாதத்தில் அவரை விட்டுவிட முடியாது. 2003இல் எடுத்த ‘என் அடையாளம்’ என்ற நான்கு புகைப்படங்களிலும் அவர் ஓவியப் பலகையின் அருகே அமர்ந்து நம்மைப் பார்க்கிறார். ஒன்றில் மரபுவழித் தங்கா ஓவியர், அடுத்ததில் மாவோவை வரைபவர், பிறகு தலாய் லாமாவை வரையும் அகதி, கடைசியில் லண்டனின் நவீன ஓவியர். 1930களில் மேலைநாட்டுப் பயணி ஒருவர் திபெத்திய ஓவியர் ஒருவரை எடுத்த படத்தின் அமைப்பை அவர் வேண்டுமென்றே திரும்பச் செய்கிறார். நான்கில் எது உண்மையான திபெத்தியர் என்று தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒவ்வொரு சந்தையும் ஒவ்வோர் உடையை எதிர்பார்த்தது. அவர் எல்லாவற்றையும் போட்டுக்காட்டிவிட்டார். லண்டனின் கலைச் சந்தையும் இந்த வரிசையில் தப்பவில்லை என்பதே இத்தொடரின் நேர்மை.

தொழிலாளர் தரப்பில் இதற்கு நிகரான முயற்சி கலைக்கூடங்களுக்கு வெளியே நடந்தது. பெய்ஜிங்கின் விளிம்பில் உள்ள பிச்சுன் கிராமத்தில், 2008 மே முதல் நாளன்று, தொழிலாளர்களே தங்கள் பண்பாட்டுக்கான அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தற்காலிக வசிப்பிட அட்டைகள், கடிதங்கள், வேலையுடைகள் எனத் தங்களிடம் இருந்தவற்றையே வைத்தார்கள். தங்களை எப்படிக் காட்டுவது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். 2023 மே மாதத்தில் அது மூடப்பட்டது. சமகாலச் சீனக் கலை பற்றிய எழுத்துகளில் பிச்சுன் பெரும்பாலும் சமூகப்பணி என்ற கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. மீன்குளமும் தொங்கும் வார்ப்புகளும் கலை என்ற கணக்கில். இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு பொதுவெளியைப் பற்றி எழுதும் வரலாறு, 1979இன் சுவரைப் பற்றிக் கேட்க மறந்த கேள்வியை இன்னும் கேட்கவில்லை.