கிழவியின் பல்

கோடையில் சைக்கிள் பாதையோரம் குட்டி மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூத்திருக்கப் பார்த்திருப்பீர்கள். டேனிஷில் அதற்குக் கெலிங்கதான் என்று பெயர். கிழவியின் பல் என்று அர்த்தம். அறிவியல் பெயர் லோட்டஸ் என்று தொடங்கும், ஆனால் தாமரையோடு சம்பந்தமில்லை. இது பயறு, கடலை, சோயாவின் சொந்தக்காரச் செடி.

இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் பற்றீரியாக்கள் குடியிருக்கும். அவை காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். நெல்லுக்கும் கோதுமைக்கும் அந்த வசதி இல்லை. அதனால்தான் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறோம். செடி எப்படி அந்தப் பற்றீரியாவை அடையாளம் கண்டு உள்ளே விடுகிறது? ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் கெல் மார்க்கர், யென்ஸ் ஸ்டௌகோர் போன்றவர்கள் 1980களில் இதைத் தேடினார்கள்.

ஒரு மரபணுவின் வேலையை அறிய, அதைக் கலத்துக்குள் வைத்து, அந்தக் கலத்திலிருந்தே முழுச்செடியை வளர்த்தெடுக்க வேண்டும். அதுதான் இழைய வளர்ப்பு. செடியின் சிறு துண்டைச் சத்தும் ஓமோனும் கலந்த அகார் களியில் வைத்தால் உருவமில்லாத கட்டி வரும். ஓமோன் அளவை மாற்றினால் தளிரும் வேரும் விடும். புகையிலை இதற்குச் சுலபமாக இணங்கியது. சோயாவும் பட்டாணியும் லேசில் இணங்கவில்லை.

அதனால் ஓகூஸ்காரர்கள் சொன்னபடி கேட்கும் கெலிங்கதானை எடுத்தார்கள். சாப்பிடும் பயிரை விட்டுவிட்டுப் புல்லோடு புல்லாக நிற்கும் செடியா என்று முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் 1986இல், சோயா மரபணு ஒன்றின் 'சுவிட்ச்' இந்தச் செடியிலும் வேர் முடிச்சில் மட்டும் வேலை செய்வதைக் காட்டினார்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. கெலிங்கதானில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் நான்கு பிரதி. ஒன்று பழுதானாலும் மற்றவை மறைத்துவிடும். ஆகவே 1992இல் அதன் ஜப்பானியச் சொந்தமான லோட்டஸ் ஜப்போனிகஸை முன்வைத்தார்கள். அதில் இரண்டே பிரதி, தன் மகரந்தத்தாலேயே விதை வைக்கும், களியிலும் வளரும்.

அடுத்து, மக்காச்சோளத்தின் 'தாவும் மரபணு' ஒன்றை அதற்குள் விட்டார்கள். அது எந்த மரபணுவில் போய் விழுகிறதோ அது கெட்டுவிடும். நாங்கள் மென்பொருளில் ஒரு வரியை நீக்கி, எது உடைகிறது என்று பார்ப்பதைப் போல. வேர் முடிச்சே வராத செடி ஒன்று கிடைத்தது. 1999இல் நின் என்ற மரபணு அப்படித்தான் பிடிபட்டது. 2003இல் பற்றீரியாவின் சைகையை வாசலிலேயே உணரும் இரண்டு ஏற்பிகளையும் கண்டார்கள்.

இப்போது அதே நகரத்தில், வாற்கோதுமைக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார்கள். வாற்கோதுமை வேரில் இன்னும் முடிச்சு வரவில்லை.