அம்மியும் கிரனைட்டும்: உம்மா செய்தது பிழையா?



நோன்பு நெருங்கினால் எங்கட ஊர் வீடுகளில் குசினி கழுவல் தொடங்கிவிடும். இம்முறை எங்கள் வீட்டில் அந்தக் கழுவல் ஒரு மனக்கசப்பில் முடிந்தது. இந்தப் பதிவு அதிலிருந்துதான் வந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம்தான் கடன்பட்டுக் குசினி மேடைக்குக் கறுப்புக் கிரனைட் போட்டோம். உம்மா அதைத் தன் உம்மாவிடம் பழகியபடி பொச்சும் மணலும் போட்டுத் தேய்த்துவிட்டார். காய்ந்ததும் பார்த்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முழ அளவுக்குப் பளபளப்பு போய்விட்டது. வீட்டில் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். உம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தக் கல்லில் அவர் கை வைப்பதில்லை. பின்பக்கத்துக் கொட்டிலில் விறகடுப்பில்தான் சமையல்.

பிறகு யோசித்துப் பார்த்தோம். உம்மாவின் கைக்குத் தெரிந்த கல் அம்மி. அம்மி சொரசொரப்பாக இருந்தால்தான் கொச்சிக்காயும் தேங்காய்ப்பூவும் அதில் பிடித்து அரைபடும். தேய்ந்து வழுவழுப்பானால் குளவி வழுக்கும், கூட்டு அரையாது. அதனால்தான் உளியும் சுத்தியலும் கொண்டு ஒருவர் தெருத்தெருவாக வந்து அம்மி பொளிந்து கொடுப்பார். பொளிந்த அம்மியில் முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்து, கல்தூள் போகும்வரை வழித்துக் கொட்டுவார்கள். சவர்க்காரம் போடவே மாட்டார்கள், சொரசொரப்புக்குள் அந்த மணம் தங்கிவிடும். தண்ணீரும் பொச்சும்தான். கல்லைப் பளபளப்பாக்குவது அந்தக் குசினியில் யாருக்கும் தேவைப்படாத வேலை.

(குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. அம்மி அவர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தியது.)

இந்த நாட்டில் கல்லில் சோறு வைத்த வரலாறு பெரியது. மிகிந்தலைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பிக்குமாரின் உணவு மண்டபத்தில் தோணி போல நீளமான இரண்டு கல் தொட்டிகள் இருக்கின்றன, ஒன்று சோற்றுக்கு, மற்றது கஞ்சிக்கு. பக்கத்திலேயே 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் வெட்டுவித்த இரண்டு கற்பலகைகள். மடத்து நிர்வாகமும் பணியாட்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதும் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தொட்டிகளைத் தினமும் யாரோ கழுவித்தான் இருப்பார்கள்.

எகிப்தின் அஸ்வானில் கிரனைட் மலையோடு ஒட்டியபடியே முடிக்காமல் விட்ட ஒரு தூண் கிடக்கிறது. நீளம் சுமார் 42 மீற்றர். வெட்டும்போது வெடிப்பு விழுந்ததால் கைவிட்டார்கள். அவர்களிடம் இரும்பு உளி இல்லை. டொலரைட் என்ற இன்னும் கடினமான கல்லுருண்டைகளால் இடித்து இடித்தே பாறையைப் பிரித்தார்கள். தேய்க்கப் பயன்பட்டது மணல். உம்மா கையில் எடுத்த அதே மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கிரனைட்டுக்குக் கடினம் கொடுப்பதும் அதே குவார்ட்ஸ்தான். கல்லைக் கல்லே தின்னும்.

கிரனைட்டைப் பளபளப்பாக்குவது கையால் செய்தவரை அரசர்களுக்கு மட்டும் கட்டுப்படியான வேலை. 1830களில் ஸ்கொட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் மக்டொனால்ட் என்பவர் நீராவி இயந்திரத்தால் அதைச் செய்யத் தொடங்கினார். அப்போது முதலில் போனது கல்லறைக் கற்களாகத்தான். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் செய்தார்கள். அதன்பின் வைரப்பல் வைத்த வாள்கள் மலிந்து, கிரனைட்டை மெல்லிய பலகையாக அறுக்க முடிந்தது. அப்படித்தான் அது சாதாரண வீட்டுக் குசினிக்குள் நுழைந்தது. எங்கள் பக்கம் நாங்கள் அதை அதிகம் கண்டது சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில், சவூதி, கட்டார் காசில்.

இன்னொன்று. கடையில் கறுப்புக் கிரனைட் என்று விற்பது பெரும்பாலும் புவியியலில் கிரனைட்டே இல்லை. கப்ரோ, டொலரைட் போன்ற வேறு கற்கள். கெட்டியானவைதான், ஆனால் கறுப்பில் சிறு கீறலும் எடுத்துக் காட்டும். எங்களுக்குக் கல் விற்றவர்களோ பதித்த பாஸோ இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உம்மாவிடம் நாங்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டோம்.

கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறோம். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பு, அவ்வளவு போதும். மணல், சாம்பல், கம்பித் தும்பு வேண்டாம். டொய்லட் கழுவும் அசிட்டைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், கல்லை விடக் கைக்கும் மூச்சுக்கும்தான் அது ஆபத்து. தேசிக்காயும் வினாகிரியும் மாபிளை உடனே அரிக்கும். கிரனைட்டை அப்படி அரிக்காது, ஆனாலும் மேலே பூசிய சீலரைக் கெடுக்கும், உடனே துடையுங்கள். கல்லில் சில துளி தண்ணீர் விட்டுக் கால் மணித்தியாலம் பாருங்கள். துளி விட்ட இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் பூச வேண்டும். வெளிர் நிறக் கல்லில் மஞ்சளும் எண்ணெயும் இறங்குவது அப்படித்தான். எண்ணெய்க் கறைக்கு அப்பச்சோடாவைக் களிபோலக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி இரவு முழுக்க விட்டால் ஓரளவு இழுத்தெடுக்கும். பளபளப்பு போன இடத்துக்கு வீட்டு மருந்து இல்லை, வைரத்தகடு வைத்த மெசினால் மீண்டும் தேய்க்க வேண்டும். எங்கள் கல்லை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை உம்மாவிடம் போய் இதையெல்லாம் சொன்னோம், எகிப்துக் கதை உட்பட. கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் சரி, பலாமரத்தடியில கிடக்கிற அம்மியப் பொளிஞ்சு தாங்க, நோன்புக்கு மாசிச் சம்பல் அரைக்கணும்" என்றார்.

மூன்று ஊரில் விசாரித்துவிட்டோம், பொளிகிறவர் யாரும் கிடைக்கவில்லை. உளி வைத்திருக்கும் ஒருவரை யாருக்காவது தெரிந்தால், நோன்புக்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள்.