சீத்தையும் சாயவேரும்

எங்களில் இரண்டு பேர் புடவை வடிவமைப்புப் படிக்கிறோம். மற்றவர்கள் அந்த அசைன்மென்டுக்குள் தாங்களாகவே வந்து மாட்டிக்கொண்டவர்கள். வீட்டுக்குள் பயன்படும் துணிகளில், அதாவது யன்னல் சீலை, செற்றி உறை, கட்டில் விரிப்பு போன்றவற்றில், இனி எந்தப் பிரிண்ட் எடுபடும், எந்தப் பேட்டர்ன் எடுபடும் என்று ஆராய்ந்து ஒரு போர்ட் செய்யவேணும். இதுதான் வேலை.

ஒரு கிழமையாக வெளிநாட்டுச் சஞ்சிகைகளையும் பின்ரரெஸ்டையும் துழாவினோம். திரும்பத் திரும்ப வந்தது ஒரே விடயம்: 'சின்ட்ஸ்' திரும்பி வருகிறது. வெள்ளை நிலத்தில் வளைந்த கொடி, பெரிய பெரிய பூ, இடையில் ஒரு குருவி. 1996இல் ஐகியா நிறுவனம் இந்தச் சின்ட்ஸை வீட்டை விட்டு வெளியே எறியச் சொல்லி பிரித்தானியாவில் விளம்பரமே செய்தது. அப்போது அது கிழவிகளின் ரசனை. இப்போது அதே கிழவிகளின் ரசனைதான் ஃபாஷன். சரி, எங்களுக்கென்ன, ட்ரெண்ட் ட்ரெண்ட்தானே என்று படங்களை அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்தோம். அந்தப் பக்கமாக வந்த அம்மம்மா பார்த்துவிட்டு, "உது சீத்தையெல்லே பிள்ளையள்? முந்தி உதிலைதான் சட்டை தைச்சுப் போட்டனாங்கள்" என்றார்.

எங்களுக்குச் சீத்தை எண்டால் மலிவுத் துணி. அவ்வளவுதான். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆங்கிலத்தின் சின்ட்ஸ், ஒல்லாந்தரின் 'சிற்ஸ்', சிங்களத்தின் 'சீத்த', எங்கள் சீத்தை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். புள்ளி, தெளித்த துளி என்று பொருள்படும் வட இந்தியச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை. போர்டில் 'ஐரோப்பியப் பாணி' என்று எழுதி ஒட்டியிருந்த துண்டை அன்றைக்கே கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினையாகிப் போனது.

17ஆம் நூற்றாண்டில் இந்தத் துணி ஐரோப்பாவுக்குப் போனபோது முதலில் வீட்டுக்குள்தான் நுழைந்தது. 1663 செப்டெம்பரில் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி, தன் மனைவியின் வாசிப்பறைச் சுவரை மூடுவதற்கு ஒரு சின்ட்ஸ் வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவருக்கு, கட்டில் திரைக்கு, மெத்தைக்கு என்றுதான் தொடக்கம். உடுப்பாக மாறியது பிறகு. தோய்த்தாலும் சாயம் போகாத, இலேசான, பளிச்சென்ற பருத்தி. அப்படியொன்றைச் செய்ய அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது.

அப்படியானால் இது 'எங்களுடைய' டிசைன் என்று எழுதிவிடலாமா? நாங்கள் எழுதத்தான் இருந்தோம். ஆனால் 1643இல் லண்டனிலுள்ள கிழக்கிந்தியக் கம்பனி இயக்குநர்கள் சூரத்துக்கு அனுப்பிய கடிதம் ஒன்று குறுக்கே வந்தது. நீங்கள் அனுப்பும் விரிப்புகள் மங்கலான சிவப்பு நிலத்தில் வருகின்றன, எல்லோருக்கும் அது பிடிக்காது, இனி வெள்ளை நிலம் கூடுதலாகவும் பூவும் கொடியும் நடுவிலும் வரட்டும் என்பது அதன் சாரம். பிறகு அங்கிருந்தே மாதிரிகளும் வரத் தொடங்கின. ட்ரெண்ட் ஆராய்ச்சி என்று நாங்கள் இன்று படிக்கிற வேலை இதுதான். அன்றைக்கு அறிக்கை கப்பலில் போனது. சின்ட்ஸில் பெயர்பெற்ற 'வாழ்வின் மரம்' என்ற கோலத்தில் பாரசீகமும் சீனமும் ஆங்கிலேயத் தையல்பூவும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதைத் துணியில் வரைந்த ஓவியருக்கு அந்தப் பூவில் பாதியை நேரில் காணக் கிடைத்திராது.

ஆனால் செய்முறை வேறு கதை. மசூலிப்பட்டினம் தொடங்கி நாகபட்டினம் வரையான சோழமண்டலக் கரைக்காரர்களின் கைவேலை அது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். மூங்கில் எழுதுகோலால் கறுப்பு வரவேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும், சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும் தீட்டுவார்கள். படிகாரம் தீட்டிய இடத்தில் அப்போது நிறமே தெரியாது. சாயவேர் போட்ட நீரில் துணியைக் காய்ச்சும்போதுதான் அந்த இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கலைச் சாணத்திலும் வெயிலிலும் போட்டு வெளுப்பார்கள். நீலத்துக்கு, நீலம் ஏறக்கூடாத இடம் முழுவதையும் மெழுகால் மூடிவிட்டு அவுரியில் தோய்க்கவேணும். பச்சை கடைசியில் வரும்: நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டுவது. அந்த மஞ்சள்தான் நிலைக்காதது. அதனால்தான் நூதனசாலைகளில் இருக்கும் பழைய சின்ட்ஸ்களில் பல இலைகள் நீலமாகத் தெரிகின்றன. இது தெரியாமல் நாங்களும் எங்கள் முதல் டிசைனில் இலைக்கு நீலம் அடித்து, அதை 'துணிச்சலான நிறத் தெரிவு' என்று விளக்கமும் எழுதியிருந்தோம்!

இந்தத் தொழில் நுணுக்கம் வெளியே போனதும் கடிதம் வழியாகத்தான். சாயக்காரர்களிடமிருந்து கேட்டறிந்ததை 1742இல் கேர்டூ என்ற யேசுசபைப் பாதிரியார் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். அந்தக் காலத்தில் பிரான்சில் இந்தத் துணிக்குத் தடை. 1686இல் போட்டது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்திலும் தடை. 1719இல் லண்டன் நெசவாளர்கள் வீதியில் சின்ட்ஸ் உடுத்துப்போன பெண்களின் துணியைக் கிழித்து மை ஊற்றினார்கள். 1721 சட்டம் உடுப்போடு நிற்காமல் வீட்டுத் தளபாடத் துணிகளையும் சேர்த்தே தடுத்தது. டேவிட் கரிக் என்ற பெரிய நடிகரின் கட்டில் திரைகளைக்கூட 1775இல் சுங்கத்தார் பிடித்துவைத்தார்கள். தடை இருக்கும்போதே உள்ளூரில் அச்சடிக்கும் ஆலைகள் வளர்ந்தன. தடை எடுபட்ட மறுவருடம், 1760இல், ஓபெர்காம்ஃப் பாரிஸுக்கு அருகே ஜூயியில் ஆலை தொடங்கினார். அதற்குப் பிறகு சின்ட்ஸ் 'ஐரோப்பியப் பாணி' ஆனது.

எங்களை நிறுத்திவைத்தது அந்தச் சிவப்புத்தான். சாயவேர் என்பது இம்பூறல் என்ற சின்னப் பூண்டின் வேர். மணற்பாங்கான நிலத்தில் தானாக வளரும். கரைக்கு அந்தப் பக்கம் மட்டுமல்ல, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் வளரும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் ஒரே ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது, வேரும் துணியும் ஒரே கம்பனியின் கைக்கு வந்தன. 1697இல் யாழ்ப்பாணக் கொமாந்தோர் சுவார்டெகுரூன் தான் இல்லாத காலத்து நிர்வாகத்துக்காக எழுதிவைத்த குறிப்பில், யானை, பனை, புகையிலை போன்ற வருமானங்களோடு சாயவேரும் வருகிறது.

வேரை யார் கிண்டியது? வேர்குத்திகள் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் விரும்பித் தேர்ந்த தொழிலல்ல அது. பிறப்பால் சுமத்தப்பட்ட கடமை. வேர் கம்பனிக்குத்தான், கம்பனி வைத்த விலைக்குத்தான். பிறகு வந்த ஆங்கிலேயரும் அந்த ஏகபோகத்தைக் கொஞ்சக் காலம் தொடர்ந்தார்கள். நூலளவு மெல்லிய வேரை வெயிலில் குனிந்திருந்து உடையாமல் எடுக்கிற வேலை. 1868இல் ஜேர்மனியில் செயற்கை அலிசரின் கண்டுபிடிக்கப்பட்டு, சில வருடங்களில் சந்தைக்கு வந்தது. பிறகு இந்த வேரை யார் தேடப்போகிறார்கள்?

ஆக, 'இது எங்கள் மரபு' என்று பெருமையோடு எழுத எங்களுக்குக் கை வரவில்லை. யாருடைய மரபு? வரைந்தவரின் கோலம் லண்டனின் விருப்பம். எங்கள் மண்ணிலிருந்து போன பங்கு, சாதியின் பெயரால் குனியவைக்கப்பட்டவர்களின் உழைப்பு. அதை 'நாம்' என்ற சொல்லுக்குள் இலேசாக மடித்து வைத்துவிட முடியாது. ஐரோப்பியப் பாணி என்பதும் பொய். எங்களுக்குள் இரண்டு இரவு இதே சண்டை. ஒருவர் சொன்னார், மார்க் போடுகிறவர்களுக்கு இவ்வளவு வேண்டாம், ஒரு வரி போதும் என்று. அவர் சொன்னதும் பிழையில்லை. போர்டில் 'மூலம்' என்ற கட்டம் தீப்பெட்டி அளவுதான்.

கடைசியில் கட்டத்தை விட்டுவிட்டோம். போர்டின் இடது ஓரம் முழுவதும் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டி, அதன் மேல் மன்னார், யாழ்ப்பாணம், நாகபட்டினம், மசூலிப்பட்டினம், லண்டன் என்று வேரும் துணியும் போன வழியை எழுதியிருக்கிறோம். முதல் பெயருக்குக் கீழே 'வேர்குத்திகள்' என்று. நீல இலைகளை அப்படியே விட்டிருக்கிறோம், மஞ்சள் போன இலைகள் என்ற குறிப்போடு. அம்மம்மாவிடம் இன்னும் ஒரு சீத்தைச் சட்டை இருக்குதாம், பெட்டியின் அடியில். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.