மேட்டுக்குள் போன தெய்வங்கள்

அயர்லாந்தின் பழங்கதைகளில் வரும் அமானுஷ்யர்களுக்கு ‘ஈஸ் ஷீ’ என்று பெயர். ‘ஷீ’ என்பது புல் மூடிய மண்மேடு. ஈஸ் ஷீ அந்த மேட்டுக்குள் குடியிருக்கும் மக்கள். பிற்காலத்தில் மேட்டின் பெயரே ஆளுக்கும் ஆகிவந்தது.

அவர்கள் ஆதியில் மண்ணுக்கடியில் இருந்தவர்கள் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லெபோர் கபாலா ஏரென்’ என்ற நூல், அத்தீவில் அடுத்தடுத்துக் குடியேறிய ஆறு கூட்டத்தாரை வரிசைப்படுத்துகிறது. முதலில் வந்தவள் நோவாவின் பேத்தி கெஸ்ஸர். இரண்டாம் கூட்டம் கொள்ளைநோயில் ஒரே வாரத்தில் மாண்டது. மூன்றாம் கூட்டத்தாரிடம் ஃபொமோரியர் என்னும் கடல் அரக்கர்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளிலும் தானியத்திலும் பாலிலும் மூன்றில் இரண்டு பங்கைக் கப்பமாகப் பிடுங்கினார்கள். தப்பியோடிய ஒரு பிரிவினர் கிரேக்கத்தில் மண்மூட்டை சுமந்துவிட்டு ஃபிர் போல்க் என்ற பெயரோடு திரும்பினர். நூலைத் தொகுத்தவர்கள் கிறித்தவத் துறவியர்; பழைய தெய்வங்களை வழிபட அவர்களின் மதம் இடந்தராது. கதைகளைக் கைவிட அவர்களுக்கு மனமும் வரவில்லை. ஆகவே தெய்வங்களை அரசர்களாக்கி, பைபிளின் காலக்கணக்கில் செருகிவிட்டார்கள்.

அந்தத் தெய்வங்களே ஐந்தாவதாக வந்த தூஹா டே டானன் கூட்டத்தார். ஃபிர் போல்குடன் நடந்த போரில் அவர்களின் அரசன் நூவடா கையை இழந்தான். அங்கம் குறைந்தவன் ஆளக் கூடாது என்பது மரபு. மருத்துவன் டியன் கேக்ட் வெள்ளியில் கை செய்து பொருத்திய பிறகே அரியணை திரும்பக் கிடைத்தது. ஃபொமோரியரோடு நடந்த மொய்ட்டூராப் போரில், பார்வையாலேயே படையை வீழ்த்தும் ஃபொமோரியன் பேலோரின் கண்ணைக் கவண்கல்லால் தகர்த்தவன் லூ. அவன் பேலோரின் மகள்வயிற்றுப் பேரன்.

கடைசியாக ஸ்பெயினிலிருந்து வந்த மைலீசியர், அதாவது இன்றைய ஐரிஷ்காரரின் முன்னோர், நாட்டின் மேற்புறத்தை எடுத்துக்கொண்டார்கள்; கீழ்ப்புறம் தோற்ற தூஹா டே டானனுக்குப் போயிற்று. மேடுகளைப் பங்கிட்ட அவர்களின் தலைவன் டாக்டா, தன் மகன் ஏங்கஸை மறந்துவிட்டான். பகலும் இரவும் மட்டும் தங்க உன் இல்லத்தைக் கொடு என்று கேட்டான் மகன். தந்தை ஒரு நாள் என்று எண்ணி இசைந்தான். உலகமே பகலும் இரவும்தானே என்று மகன் அங்கேயே நிலைத்துவிட்டான். ‘ஒரு’ என்று சொல்லியே தீரவேண்டும் என்றில்லாத பழைய ஐரிஷ் மொழியில் இந்தத் தந்திரம் பலிக்கும், தமிழிலும் பலிக்கும்.

அந்த இல்லம் பாய்ன் ஆற்றங்கரையிலுள்ள நியூகிரேஞ்ச். உண்மையில் அது கி.மு. 3200 வாக்கில் வேளாண் மக்கள் எழுப்பிய கல்லறை. குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின் காலைவெயில் அதன் 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையைத் தொடும். கட்டியவர்களை மறந்துபோன ஒரு நாட்டுக்குத் தெய்வத்தின் வீடு என்ற விளக்கம் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

கிராமத்து வழக்கில் இவர்கள் மேலும் சிறுத்தார்கள். 8ஆம் நூற்றாண்டுக் கதையொன்றில் உறங்கும் மன்னனைக் கடலுக்கு இழுக்க முயன்ற நீர்க்குறளர்கள், பின்னாளில் செருப்புத் தைக்கும் லெப்ரகான் ஆனார்கள். ‘மேட்டுப் பெண்’ என்று பொருள்படும் பான்ஷீ, பழங்குடும்பங்களில் சாவு நெருங்கும்போது ஓலமிடுபவள். இடைக்காலப் பண்ணைவீடுகளைச் சுற்றியிருந்த வட்டக் கரைகளும் ‘ஷீ கோட்டை’ ஆயின. அவற்றில் ஏரோட்ட உழவர் அஞ்சியதால் பல ஆயிரம் கரைகள் எஞ்சியுள்ளன.

அச்சத்துக்குக் கொடிய முகமும் இருந்தது. 1895இல் டிப்பெரேரியில் ஒருவன், இவள் என் மனைவியல்லள், ஷீ மாற்றிவைத்த போலி என்று கூறி அவளை எரித்தான். 1999இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலைக்காக வெட்டவிருந்த ஒற்றை முள்மரத்துக்காகக் கதைசொல்லி எடி லெனிஹன் வாதாடினார். அது ஷீக்கள் கூடும் இடம் என்பது ஊர் நம்பிக்கை. சாலை வந்தது, மரம் வெட்டப்படவில்லை.