பெடல் எப்படிப் போச்சு, சார்?

சென்னைக்கு வடக்கே, ஜி.என்.டி. சாலையை ஒட்டிச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. போர் முடிந்தபின் அதில் கார்கள் ஓடின. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்கு எண்பதுகள் வரை கூட்டம் அலைமோதியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இப்படிப் போர் விமானதளமாக இருந்து 1948இல் பந்தயக் களமானதுதான். சோழவரத்தில் ஜெயித்தவர்களின் பெயர்கள் ஏதோ ஒரு கோப்பையிலாவது பொறிக்கப்பட்டிருக்கும். ஓடும் வண்டி ஏன் நிலைகொள்ளாமல் ஆடியது என்று கண்டுபிடித்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்களில் ஒருவரிடம் தொழில் கற்றவன் நான்.

விமான ஓடுபாதை நீளமானது, தட்டையானது. நேர்ப்பாதையில் வண்டி தன்னால் முடிந்த முழு வேகத்தையும் எட்டிவிடும். அது முடிகிற இடத்தில் கூர்மையான திருப்பம். அதுவரை சேர்த்த வேகத்தையெல்லாம் சில விநாடிகளில் பிரேக் சூடாக மாற்றியாக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்கு. அன்று ஓடியவையோ அம்பாசிடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. குடும்பத்தோடு கோயில் குளம் போய்வரச் செய்த வண்டிகள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

எழுபதுகளில் விருத்தாசலத்திலிருந்து போய்ச் சென்னையில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். எங்கள் மேஸ்திரி பந்தய வண்டி உள்ளே வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேள்வி தொடங்கிவிடும்.

"பெடல் எப்படிப் போச்சு, சார்?"

"பிடிக்கவே இல்ல மேஸ்திரி. கடைசித் திருப்பத்துல வண்டி நிக்கல."

"மெத்துனு கீழ எறங்குச்சா, கெட்டியா நின்னும் பிடிக்கலையா?"

அந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடும். பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி கட்டியிருக்கிறது என்று அர்த்தம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற பலமெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இன்று கடையில் விற்கும் டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140தான். சென்னையின் கடற்காற்றில் பழைய ஆயிலோடு பந்தயத்துக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று இந்த இரண்டு எண்களே சொல்லும்.

பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் ஆயில்மேல் குற்றமில்லை. டிரம்மின் உட்புறத்தை உரசி நிறுத்தும் லைனிங் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் ஆழமாகப் போய், அங்கே கெட்டியாக நின்றால் டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகிப் போயிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மேஸ்திரி நேரே வீல் சிலிண்டருக்குப் போவார்; கசிவு ஒரு லைனிங்கை நனைத்திருக்கும். டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய முன்கட்டையைச் சக்கரத்தின் சுழற்சியே இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும். அதனால் இரு பக்கத்துக்கும் நடுவே சிறு வித்தியாசம் இருந்தாலும் அது பெரிதாகித் தெரியும்.

டிரம்மைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு, "பாரு தம்பி, தொடாத" என்பார். லைனிங்கின் மேல்பரப்பு கண்ணாடி பூசினாற்போல் மினுங்கும். டிரம்மின் உள்விளிம்பில் நீலம் ஏறியிருக்கும். எரிந்த பிசின் நாற்றம் மூக்கில் ஏறும். நான்கு டிரம்மையும் வரிசையாக வைத்து, எதில் நீலம் அதிகம், எதில் இல்லை என்று பார்ப்பார். நீலமே ஏறாத டிரம் வேலை செய்யவில்லை. அதன் வேலையையும் சேர்த்துச் செய்த டிரம்தான் கருகியது. கருகியதை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற மெக்கானிக்குகளை அவர் மதித்ததே இல்லை.

சூடு விட்டுப்போன தடயத்தைப் படிக்கும் இந்த வித்தையை நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்கு என் ஊர் காரணம். விருத்தாசலம் பீங்கான் ஊர். பக்கத்தில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்கப் பூமியைத் தோண்டினால் களிமண்ணும் சேர்ந்து வரும். எங்கள் தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து ப்யூஸ் கேரியரும் பொம்மைகளும் போகாத ஊர் இல்லை. என் அப்பா சூளையில் வேலை பார்த்தவர். சரக்கோடு சேர்த்துச் சுண்டுவிரல் அளவு கோன்களைச் சூளைக்குள் நிறுத்துவார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886இல் கொண்டுவந்த முறை அது. குறித்த சூட்டில் கோன் தலை சாயும். எவ்வளவு சூடு ஏறியது என்பதோடு எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அந்தச் சாய்வில் இருக்கும். பிற்காலத்தில் பந்தய வண்டிகளின் பிரேக் டிஸ்க் விளிம்பில் மூன்று வண்ணப் பூச்சு தடவும் பழக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560இல், சிவப்பு 610இல். வண்டி நின்றபின் எந்தப் பூச்சு நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பிரேக்கை விடப் பெரிய தலைவலி ஹெரால்டின் பின்பக்கம். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி, சென்னையில் ஸ்டாண்டர்ட் பெயரில் தயாரானது. இலகுவானது, சின்ன வட்டத்தில் திரும்பும். ஆனால் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில்: நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியலிலிருந்து இரண்டு ஆக்ஸில்களும் தனித்தனியே மேலும் கீழும் மடங்கும். திருப்பத்தில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே போகும், பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கும். டயர் தன் ஓரத்தில் நிற்கும். அதன்பின் வண்டி சுற்றுவதைத் தடுக்க எந்த ஓட்டுநராலும் ஆகாது. அமெரிக்காவில் கோர்வேர் காரின் இதே அமைப்பைத்தான் ரால்ஃப் நேடர் 1965இல் தன் நூலில் கிழித்தெடுத்தார்.

மேஸ்திரி டயரின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டு அனுப்புவார். திரும்பி வரும்போது கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கித் தரையைத் தொட்டிருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாழ்த்தி, சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து நிற்கும்படி செய்வார். மறுபடி கோடு, மறுபடி ஓட்டம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. டிரையம்ஃப் நிறுவனமே 1970இல் தன் ஸ்பிட்ஃபயர் வண்டியின் பட்டையைச் சுழலும்படி மாற்றி இந்த நோயைத் தணித்தது. இங்கே 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலே போய், ஒரே தண்டான ஆக்ஸில் வந்தது.

கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதியைக் கட்டியபோது காலம் மாறியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே போட்ட தடம் திறந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர்கள் சாய்தளத் திருப்பத்தில் தாங்கவில்லை. காரணத்தை அந்த வார இறுதிக்குள் உறுதிசெய்து சரிப்படுத்த முடியாமல் பதினான்கு கார்கள் விலகின. ஓடிய ஆறில் நரேன் நான்காவதாக வந்தார். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இருந்தும் நோய் கண்டுபிடிக்க நாள் போதவில்லை. எங்கள் மேஸ்திரிக்கு இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கிடைத்ததோ ஒரு டீ குடிக்கிற நேரம்.

இன்று சென்சார் எல்லாவற்றையும் பதிகிறது. ஆனாலும் பிரேக்கில் வண்டி ஆடுகிறது என்று ஓட்டுநர் சொன்னால், எப்போது என்று கேட்டே ஆக வேண்டும். மிதித்த உடனே என்றால் தேய்ந்த புஷ்ஷையும் பேரிங் ஆட்டத்தையும் முதலில் பார்க்கலாம். நடுவில் என்றால் பாரம் முன்னே போனதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை எடுக்கும்போது என்றால் அது திருப்பத்தில் நுழையும் விதத்தைப் பற்றிய பேச்சு.

இதையெல்லாம் சோழவரத்தில் வாயாலும் கையாலும் கற்றவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு எழுபது எண்பது வயதாகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் படிக்கும் பிள்ளைகள் ஒரு ரெக்கார்டரோடு இவர்களைத் தேடிப் போக வேண்டும். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் விசாரித்தால் இன்னும் சிலர் அகப்படுவார்கள்.