கையும் கேள்வியும்

1823ஆம் ஆண்டில் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்ப்பெல், தம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை வருவாய் வாரியத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலாவதாக வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிற பிள்ளைக்கு ஒரு சுழி. பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்று அதற்குப் பொருள். மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கூடுதல். பாடத்தில் சோம்பினால் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனையும் உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். சட்டாம்பிள்ளையும் பிரம்பும் ஆண்ட தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும் இதற்குத் தூரத்து உறவல்ல. எழுத்தும் கணக்கும் ஏறிய அதே கையில்தான் அடியும் விழுந்தது. நம் கல்வி வரலாற்றின் பெருங்குறை அங்கேயே தொடங்குகிறது. கைக்குத் திறனும், மனத்துக்குக் கேள்வியும், தன் வழியைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமையும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தே கிடைக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தபோதெல்லாம், கொடுத்த அந்த ஒன்றும் கெட்டுப்போயிற்று. கடந்த இருநூறு ஆண்டுச் சென்னை மாகாண வரலாறு இதற்குச் சான்று.

திண்ணைப் பள்ளியின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்க்கைக்கு உதவாத கல்வி என்ற பழியை யாரும் அதன்மேல் சுமத்த முடியாது. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு வந்தது. எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடு மட்டும் இல்லை, பின்னங்கள் இருந்தன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு. நெல்லை அளக்க ஓர் இலக்கம், பொன்னை நிறுக்க ஓர் இலக்கம், நிலத்தைக் குழிக்கணக்கில் அளக்கத் தனி வாய்பாடு. இன்றும் நாம் பேச்சில் 'முக்காலே மூணு வீசம்' என்கிறோமே, அது அந்தப் படிப்பின் எச்சம். களத்தில் நெல் அளக்கிறவருக்கும், கடையில் தராசு பிடிக்கிறவருக்கும், வரி கணக்கிடுகிறவருக்கும் அன்றாடம் வேண்டியதை அந்தப் பள்ளி நேரே கற்றுத் தந்தது. இந்தச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்த தி. செந்தில் பாபு, அங்கே மனப்பாடம் என்பது பொருளற்ற ஒப்பிப்பு அல்ல, கணக்குப் போடும் ஆற்றலை வளர்க்கும் ஒரு கற்றல் முறை என்று காட்டியிருக்கிறார். ஓலையைப் புரட்டாமல் மனத்திலேயே பின்னங்களைக் கூட்டிக் கழிக்கிற திறன் எளிதில் வருவதில்லை.

இந்தப் பள்ளிகள் எங்கோ ஒன்றிரண்டாக இருந்தவையும் அல்ல. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, மாகாணத்தின் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். பள்ளி வயதுச் சிறுவரில் கால் பங்கினர் பள்ளியில் படிக்கிறார்கள் என்றும், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் மன்றோ 1826இல் கணித்தார். அதற்கு முன்பே, சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அந்த முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு சேர்த்து வளர்த்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

அதே மன்றோ கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சாதிவாரிப் பட்டியலில் பிராமணரல்லாத பிள்ளைகள் பெருந்தொகையினர் என்பது உண்மை. ஆனால் தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு கட்டப்பட்டு அடிமை வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் எங்கே இருந்தது? அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கிய சட்டமே 1843இல்தான் வந்தது. கணக்கு என்பது வெறும் அறிவு அல்ல, அதிகாரமும்கூட என்பதை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். மரக்காலின் கொள்ளளவும் குழியின் பரப்பும் தெரிந்தவர் அளந்தார். தெரியாதவர் அளந்து போட்டதை வாங்கிக்கொண்டார். கூலிநெல் குறைகிறது என்று சந்தேகப்படுவதற்குக்கூட எண் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு உயிரோடும் மானத்தோடும் வீடு திரும்புவதற்கு உரிமை இருக்க வேண்டும். திண்ணைப் பள்ளி சிலருக்கு முதலாவதைத் தந்தது. இரண்டாவதை அது யாருக்குமே கற்றுத்தரவில்லை. பிள்ளைகள் எண்ணற்ற செய்யுள்களைப் பொருள் தெரியாமல் கிளிபோல ஒப்பிப்பதைக் கேம்ப்பெல் குறையாகச் சொல்லியிருக்கிறார். கணக்கில் கூர்மையும் சொல்லில் கிளிப்பேச்சும் ஒரே பள்ளியில் சேர்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு பிள்ளைக்குப் பயன்படும் கருவி என்று கருதப்பட்டது; செய்யுளோ ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்க வேண்டிய கட்டளையாகவே வந்து சேர்ந்தது.

அயல் அதிகாரிகள் எழுதியதை வைத்து நம் மரபைத் தாழ்த்தலாமா என்று இங்கே ஒரு மறுப்பு எழும். மன்றோ காலத்து ஆவணங்களைத் திரட்டி 1983இல் 'அழகிய மரம்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கிய தரம்பால், ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே கல்வியே இல்லை என்ற பொய்யை உடைத்தார். அந்தத் தொண்டு பெரிது. கம்பெனி ஆட்சியில் ஊர் மானியங்கள் சுருங்கியதும் குடிகள் வறுமையுற்றதும் இந்தப் பள்ளிகளை வாட்டின என்பதைக் கேம்ப்பெல் தாமே அதே அறிக்கையில் ஒப்புக்கொண்டார். அவர் ஆட்சியைக் குறை சொன்ன பகுதியை நம்பிவிட்டு, பிரம்பைப் பற்றிச் சொன்ன பகுதியை மட்டும் தள்ளிவிடுவது நேர்மையாகாது. மரம் அழகாக இருந்தது. அதன் நிழல் எல்லார்மேலும் விழவில்லை. இரண்டும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன.

ஆங்கிலேயர் கொண்டுவந்த பள்ளி அந்தக் குறையை ஒரு பக்கம் தீர்த்து, மறுபக்கம் புதிதாக ஒன்றை உண்டாக்கியது. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, தலைமுறை தலைமுறையாக மூடிக்கிடந்த கதவு சிறிது திறந்தது. ஆனால் பொதுவாக அந்தக் கல்வி தேர்வையும் குமாஸ்தா வேலையையும் நோக்கியே ஓடியது. நெல்லும் பொன்னும் நிலமும் பாடத்திலிருந்து விலகின; உடல் உழைப்பு படிக்காதவர்களுக்கு உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. இதற்கு விடையாகத்தான் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் அதில் பெரும்பங்கு ஆற்றி, பின்னர் சேவாகிராமத்தில் அந்தக் கல்வியைப் பல ஆண்டுகள் நடத்தினார். நூற்பின் வழியாகக் கணக்கும், பருத்தியின் வழியாகப் புவியியலும் வரலாறும் கற்பிக்கலாம் என்பது அதன் சாரம். சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் கையால் உழைக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை உயர்வானது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியரின் சம்பளத்தை ஈட்டலாம் என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. குழுவில் இருந்த பொருளியலறிஞர் கே. டி. ஷா அதை எதிர்த்தார். பிள்ளையின் உழைப்புக்கு விலை வைத்த உடனேயே பள்ளி பட்டறையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. நூல் எவ்வளவு வந்தது என்று எண்ணுகிற ஆசிரியருக்கு, நூல் ஏன் அறுந்தது என்று கேட்கும் பிள்ளை இடைஞ்சலாகத் தோன்றுவான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது 1953இல். முதலமைச்சர் ராஜாஜி, நகரங்கள் அல்லாத ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை நாளுக்கு 5 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்து இரண்டு முறையாக்கினார். மிச்சமுள்ள நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். பெரியாரும் அண்ணாவும் திராவிட இயக்கத்தாரும் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு மாநிலம் முழுவதும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி அந்த ஆண்டு மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டது.

ராஜாஜியின் தரப்பை மெலிதாக்கிச் சொன்னால் வாதம் பயன்படாது. அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும். பதினான்கு வயது வரை எல்லாருக்கும் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னது. அதற்குப் பணமும் கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை. இரண்டு முறை வைத்தால் அதே பள்ளியில் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம். உழைப்பை இழிவாகக் கருதும் படிப்பாளிகளைப் பெருக்குவதைவிட, உழவும் தறியும் தெரிந்த படிப்பாளிகளை வளர்ப்பது நாட்டுக்கு நல்லது. இவற்றில் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கதே. ஆனால் திட்டம் நகரங்களைத் தொடவில்லை. நகரத்து வழக்கறிஞரின் மகன் அரைநாள் தன் தந்தையின் அலுவலகத்தில் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிற்றூர்க் குயவரின் மகனுக்குத்தான் தந்தையின் சக்கரம் பாடமாகக் காட்டப்பட்டது. உழைப்பு உயர்ந்தது என்றால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உயர்ந்ததாக இருக்க வேண்டும். சாதியே தொழிலைப் பிரித்துவைத்த ஒரு நாட்டில், பெற்றோரின் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பது என்பது பிள்ளையின் எதிர்காலத்தைப் பிறந்த வீட்டிலேயே முடித்துவிடுவதாகும். நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். கொள்கையை அதன் விளைவால்தான் எடை போட வேண்டும். எதிர்த்தவர்கள் கைத்தொழிலை வெறுத்தார்கள் என்பதும் சரியல்ல. அவர்கள் மறுத்தது மண்ணையோ தறியையோ அல்ல, பிறப்பு ஒருவருக்கு வேலையைத் தீர்மானிப்பதைத்தான்.

ஆனால் அந்த வெற்றியின் பக்கவிளைவு ஒன்றையும் நாம் மறைக்கக் கூடாது. குலக்கல்வியை விரட்டியபோது, கைத்திறனே பள்ளியிலிருந்து ஓரமாக ஒதுங்கியது. தொழிற்கல்வி வகுப்பு கால அட்டவணையில் பெயரளவுக்கு நின்றது. மதிப்பெண் ஒன்றே குறியாயிற்று. பிள்ளைகள் முதலில் கேட்டு அடங்கிப் படிக்கட்டும், கேள்வி கேட்கும் அறிவு வயது வந்தபின் தானே வரும் என்று சொல்வோர் இன்றும் பலர். கேள்வி கேட்க முதலில் செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு அவர்கள் சொல்வது உண்மைதான். எண்சுவடி மாணவனின் நினைவாற்றலே அதற்குச் சாட்சி. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் பழக்கப்பட்ட பிள்ளைக்குப் பதினெட்டாம் வயதில் வாக்குச் சீட்டோடு சேர்த்துத் துணிவையும் கையில் கொடுத்துவிட முடியாது. நீச்சலைப் போல, அதுவும் தண்ணீரில் இறங்கித்தான் வரும். நாடு முழுவதும் 1993 முதல் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு சிக்கலைத் தெரிந்தெடுத்து, நேரில் சென்று பார்த்து, அளந்து, எண்ணி, கண்டதைப் பலர் முன் நின்று சொல்கிறார்கள். குளத்து நீரைச் சோதிக்கிற பிள்ளைக்குக் கை வேலை செய்கிறது, மனம் கேள்வி கேட்கிறது, எதைக் கேட்பது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்கிறது. மூன்றும் சேரலாம் என்பதற்கு இது போதும்.

இது பழங்கதை அல்ல. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதிக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப்பை இல்லாமல் பத்து நாள் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பிள்ளைகள் பழக வேண்டும் என்கிறது. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே தச்சுப்பட்டறைதானா என்று கேளுங்கள். அங்கே பெண் பிள்ளைக்கு உளியும் ஆண் பிள்ளைக்கு அடுப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள். செய்தபின் ஏன் இப்படி என்று கேட்க இடமுண்டா, பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போக வழியுண்டா என்று கேளுங்கள். விடை ஆம் என்றால் அது கல்வி. இல்லை என்றால், அதற்கு எந்தப் புதுப் பெயர் வைத்தாலும், 1953இல் நம் பெரியவர்கள் தெருவில் இறங்கி மறுத்தது எதுவோ அதுவேதான். பெற்றோரும் ஆசிரியரும் அந்தக் கேள்விகளைப் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்க வேண்டும். கேட்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள்.